செய்திமடலுக்குப் பதில் எழுதாத வாசகர்களோடு உறவு வளர்ப்பது எப்படி?

ஜோகன்னஸ்பர்க் பக்கத்து மிட்ராண்டில் இருக்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்காக மாதம் இரண்டு முறை மின்னஞ்சலில் ஒரு செய்திமடல் அனுப்புகிறார். சில நூறு பேர் பதிவு செய்திருக்கிறார்கள். பாதிக்கு மேல் திறந்து பார்ப்பதாகக் கணக்கு காட்டுகிறது. ஆனால் யாரும் ஒரு வரிகூட எழுதுவதில்லை. ஆட்களைச் சேர்க்கும் வழி வேண்டாம், இருப்பவர்களோடு உண்மையான உறவு வேண்டும், அதற்கு என்ன செய்யலாம் என்கிறார்.

நான் டர்பனில் தமிழும் ஆங்கிலமும் கலந்த ஒரு மடலைப் பல வருடங்களாக நடத்துகிறேன். அதற்கு முன்னால் கோயிலோடு சேர்ந்த தமிழ்ப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு வேலையிலும் கண்டதை வைத்துச் சொல்கிறேன். உங்களுக்குத் தெரியாத, வாசகருக்கு மட்டுமே தெரிந்த ஒன்றை அவரிடம் கேளுங்கள். அவர் தந்ததை அடுத்த மடலில் பயன்படுத்துங்கள். அவருக்குத் தனியாகப் பதில் எழுதுங்கள். இந்த மூன்றும் நடந்தால் உறவு வரும். வடிவமைப்பு, தலைப்பு, அனுப்பும் நேரம் எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

முதலில் அந்த மௌனம். அதை அக்கறையின்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ கப்பல் மதராஸிலிருந்து டர்பன் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை இந்தியாவிலிருந்து, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் 1,52,184 பேர் என்பது பதிவில் உள்ள கணக்கு. பெரும்பகுதியினர் மதராஸ் வழியாக வந்த தமிழரும் தெலுங்கரும். அவர்களுடைய கொள்ளுப்பேரன், எள்ளுப்பேத்திகள்தான் இன்று சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், வெருலம், பீட்டர்மாரிட்ஸ்பர்க், உங்கள் பக்கம் லெனேசியா என்று இருக்கிறார்கள். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பார்கள். புரட்டாசி முழுக்க வீட்டில் மாமிசம் சேர்க்க மாட்டார்கள். தேவாரத்தை மனப்பாடமாகப் பாடுவார்கள். தாத்தா, பெரியம்மா என்று தமிழில்தான் கூப்பிடுவார்கள். ஆனால் வீட்டில் பேசுவது ஆங்கிலம், தமிழில் ஒரு பத்தி படிக்க வேண்டுமென்றால் பலருக்கும் எழுத்துக்கூட்ட வேண்டியிருக்கும்.

இவர்கள் உங்கள் மடலுக்குப் பதிவு செய்வது ஆசையால். பதில் எழுதாதது கூச்சத்தால். தமிழில் வரும் மடலுக்குத் தமிழில்தான் பதில் போட வேண்டும் என்று நினைக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் நடத்தும் மடல் என்றால் அந்தக் கூச்சம் இரண்டு மடங்காகும், நம் தமிழைப் பார்த்துச் சிரிப்பார்களோ என்ற பயம் இருக்கிறது. பள்ளியில் பெரியவர்களுக்குப் பாடம் எடுத்தபோது இதை நன்றாகவே பார்த்தேன். பதில் தெரிந்தவர்களே வாய் திறக்க மாட்டார்கள். ஆங்கிலத்தில் சொல்லுங்கள் என்றால் போதும், கதை கதையாகக் கொட்டுவார்கள்.

அதனால் மடலின் மேற்பகுதியிலேயே ஒரு வரி இருக்கட்டும்: தமிழிலோ ஆங்கிலத்திலோ இரண்டும் கலந்தோ எழுதலாம், வாட்ஸ்அப்பில் குரலாகவும் அனுப்பலாம். ஒவ்வொரு மடலிலும் இருக்கட்டும். ஒரு தடவை சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், பல தடவை பார்த்த பிறகுதான் இது மரியாதைக்குச் சொன்னதில்லை என்று புரியும். தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வேலைக்கு வந்தவர்களும் உங்கள் பட்டியலில் இருப்பார்கள். அவர்களுக்கு இந்தக் கூச்சம் கிடையாது, சட்டென்று படித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். என் அனுபவத்தில், ஒரு முறை கதவு திறந்துவிட்டால் வருடக்கணக்கில் கூடவே இருப்பவர்கள் பழைய குடும்பத்துக்காரர்கள்தான். உங்கள் உழைப்பில் பெரும்பங்கை அவர்களுக்குக் கொடுங்கள் என்பேன்.

திறப்பு விகிதம் பற்றி ஒரு வார்த்தை. மடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு துளிப் படம் இருக்கிறது, அது இறங்கினால் திறந்தார் என்று கணக்கில் ஏறும். 2021 செப்டம்பரில் ஆப்பிள் தன் மெயில் செயலியில் ஒரு தனியுரிமை வசதியைக் கொண்டுவந்தது. அதை இயக்கியவர்களுக்கு, அவர்கள் மடலைத் தொடாவிட்டாலும் படங்களை ஆப்பிளின் சர்வர் முன்கூட்டியே இறக்கிவிடும். உங்கள் பாதிக்கு மேல் என்பதில் எத்தனை பேர் உண்மையில் கண்ணால் பார்த்தார்கள் என்று அந்த எண்ணிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது. நான் அதைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். மடல் ஒரு நாள் தாமதமானால் ஏன் வரவில்லை என்று யார் கேட்கிறார்கள், தன் தங்கைக்கும் அனுப்பச் சொல்லி யார் முகவரி தருகிறார்கள், இதைத்தான் பார்க்கிறேன். அந்தப் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். என் விசுவாசமான வாசகர்களின் பட்டியல் அதுதான்.

சரி, கேள்வி கேட்பது. இங்கேதான் பெரும்பாலான மடல்கள் நின்றுவிடுகின்றன. உங்கள் கருத்துகளை எழுதுங்கள் என்று கடைசியில் ஒரு வரி போட்டால் யாரும் எழுத மாட்டார்கள். எதைப் பற்றி, எவ்வளவு, எதற்காக என்று எதுவுமே அதில் இல்லை. படித்து முடித்தவரிடம் வீட்டுப்பாடம் தருவதாகிவிடும். அதற்குப் பதில், யோசிக்காமல் சொல்லக்கூடிய, ஆனால் அந்த வீட்டுக்காரர் மட்டுமே சொல்லக்கூடிய ஒன்றைக் கேளுங்கள். ஆடி மாதத்தில் இங்கே கோயிலுக்குக் கோயில் கூழ் ஊற்றுகிறார்கள், ஆங்கிலத்தில் ‘போரிஜ் பிரேயர்’ என்று சொல்வது உங்களுக்கே தெரியும். உங்கள் வீட்டில் கூழுக்குக் கேழ்வரகா, மக்காச்சோள மாவா? தொட்டுக்கொள்ள என்ன? இப்படிக் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு வழக்கம், தன் வீட்டு வழக்கம்தான் சரியானது என்று ஒவ்வொருவருக்கும் உறுதி. எழுதாமல் இருக்க முடியாது.

வாசகரிடம் கேட்பதில் இந்த மண்ணுக்கே ஒரு முன்னோடி உண்டு. 1903 ஜூனில் டர்பனில், காந்தி எழுதிவந்த ‘இந்தியன் ஒப்பீனியன்’ வார இதழ் ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என்று நான்கு மொழிகளில் தொடங்கியது. அடுத்த ஆண்டின் இறுதியில் அச்சகம் ஃபீனிக்ஸ் குடியிருப்புக்கு மாறியது. ஜோகன்னஸ்பர்க் இருந்த டிரான்ஸ்வால் பகுதியில், இந்தியர்களைக் கட்டாயமாகப் பதிவு செய்யும் சட்டத்துக்கு எதிரான போராட்டம் நடந்துகொண்டிருந்தபோது, அதை ‘பாசிவ் ரெசிஸ்டன்ஸ்’ என்ற ஆங்கிலப் பெயரால் அழைப்பது காந்திக்குப் பிடிக்கவில்லை. 1907 இறுதியில் நல்ல பெயர் ஒன்று சொல்லும்படி இதழின் வாசகர்களைக் கேட்டார், சிறு பரிசும் அறிவித்தார். அவருடைய உறவினர் மகன்லால் காந்தி ‘சதாக்கிரகம்’ என்று அனுப்பினார். காந்தி அதைக் கொஞ்சம் திருத்தி ‘சத்தியாக்கிரகம்’ ஆக்கினார். உலகம் முழுக்கத் தெரிந்த அந்தப் பெயர் ஒரு வாரப் பத்திரிகையின் கேள்விக்கு வந்த பதிலிலிருந்து பிறந்தது.

நம் வேலைக்கு அதில் பாடமாக எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. அவர் கேட்டது ஒரே ஒரு சொல். எதற்கு வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பதில் உடனே வேலைக்கு வந்தது. வந்ததை அப்படியே போட்டாக வேண்டும் என்று நினைக்காமல் திருத்தினார், ஆனாலும் யாரிடமிருந்து வந்தது என்பதைப் பின்னாளில் எழுதிவைத்தார். இந்தக் கடைசி விஷயத்தை நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன். வாசகர் சொன்னதைத் திருத்துவது ஆசிரியரின் உரிமை. அவருக்குரிய பெயரை மறைப்பது உரிமையில்லை. அந்த இதழுக்கு வந்த கடிதங்களைப் பற்றிக் காந்தி தன் சுயசரிதையிலும் எழுதியிருக்கிறார். நட்பாகவும் கண்டித்தும் கசப்போடும் வந்த எல்லாவற்றையும் படித்து, யோசித்து, பதில் சொன்னது தனக்கு நல்ல படிப்பாக அமைந்தது என்கிறார். சமூகம் தன்னோடு உரக்கச் சிந்திப்பதுபோல இருந்தது என்கிறார்.

உங்கள் மடலில் இதைச் செய்ய மிக வளமான இடம் எது என்று கேட்டால், தயங்காமல் குடும்பத்தின் பூர்வீகம் என்பேன். ஒப்பந்தத்தில் வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் கொடுத்தார்கள். கப்பல் பட்டியல்களில் அந்த எண்ணோடு பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர் எல்லாம் எழுதியிருக்கும். இந்தப் பட்டியல்கள் டர்பனில் உள்ள ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, இணையத்திலும் தேடலாம். பல குடும்பங்களில் தாத்தாவின் பழைய காகிதங்களுக்கு நடுவே அந்த எண் கிடக்கிறது. சிக்கல் என்னவென்றால், ஊர்ப் பெயரைக் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியவர்கள் குமாஸ்தாக்கள். வட ஆற்காடு ஜில்லா என்பது புரியும், கீழே இருக்கும் ஊர் எது என்று ஐந்து தலைமுறையாக இங்கே வளர்ந்தவருக்குப் பிடிபடாது. குடியாத்தம் பக்கத்திலோ போலூர் பக்கத்திலோ பிறந்த ஒருவர் அதே எழுத்துகளை வாய்விட்டுப் படித்தால் சட்டென்று சொல்லிவிடுவார்.

இந்த இரண்டு ஆட்களுமே உங்கள் பட்டியலில் இருக்கிறார்கள். ஒருவர் ஃபீனிக்ஸில், இன்னொருவர் சாண்டனில் ஏதோ கம்பெனியில். உங்கள் மடல் இல்லாவிட்டால் ஒருவரை ஒருவர் சந்திக்கவே போவதில்லை. என் மடலில் இந்தப் பகுதியைத் தொடங்கினேன்: ஒரு குடும்பத்தின் பதிவிலிருந்து ஊர்ப் பெயரை உள்ளது உள்ளபடி போட்டு, இது எந்த ஊராக இருக்கும் என்று கேட்பேன். பதில்கள் திருவண்ணாமலையிலிருந்தும் வேலூரிலிருந்தும்கூட வந்தன, இங்கிருந்து யாரோ அவர்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே ஏரி இருக்கிறது, கரையில் பொன்னியம்மன் கோயில் இருக்கிறது என்று ஒருவர் எழுதுவார். இங்கே ஒரு பாட்டி தன் அப்பா ஏரிக்கரை அம்மனைப் பற்றிச் சொன்னது நினைவிருக்கிறது என்பார். அப்புறம் அந்தக் குடும்பத்தின் நாலு தலைமுறையும் உங்கள் மடலுக்காகக் காத்திருக்கும். எந்த விளம்பரத்தாலும் இதை வாங்க முடியாது.

எல்லாத் தேடலும் இப்படி முடிவதில்லை. ஒரே பெயரில் பல ஊர்கள் இருக்கும், ஒரே கப்பலில் ஒரே பெயரோடு மூன்று பேர் வந்திருப்பார்கள். உறுதியாகாததை உறுதியானதாக எழுதாதீர்கள். ஆர்வத்தில் ஒரு குடும்பத்தைத் தப்பான ஊருக்கு அனுப்பிவிட்டால், அவர்கள் விமானச் செலவு செய்து போய் நின்று ஏமாறுவார்கள். இருக்கலாம், உறுதியில்லை, இன்னும் தேடுகிறோம் என்று வெளிப்படையாக எழுதுங்கள். இப்படி எழுதுவதால் வாசகர் விலகிப் போவதில்லை, அவரும் சேர்ந்து தேட உட்காருகிறார்.

பூர்வீகத்தில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பட்டியலில் சாதி என்று ஒரு கட்டம் இருக்கிறது. இங்கே பல குடும்பங்கள் அதைப் பேசுவதை விட்டுத் தலைமுறைகள் ஆகின்றன. சிலருக்கு அது தெரியவே தெரியாது. ஒரு வாசகர் நம்பி அனுப்பிய பதிவின் படத்தை அப்படியே மடலில் போட்டால் அந்தக் கட்டமும் போய்விடும். நான் அந்தப் பகுதியை மறைத்துத்தான் போடுகிறேன். கூடவே, ஒருவர் அனுப்பிய எதையும் அவருடைய அனுமதி இல்லாமல் போடுவதில்லை. முழுப் பெயரா, முதல் பெயர் மட்டுமா, ஊர் மட்டும் போதுமா என்று கேட்டுவிடுவேன். கோவெண்டர், நாயுடு, பிள்ளை, முதலி, படையாச்சி என்று குடும்பப் பெயர்கள் குறைவாக இருக்கும் சமூகத்தில், பேட்டையையும் குடும்பப் பெயரையும் சேர்த்துச் சொன்னாலே ஆள் யார் என்று தெரிந்துபோகும்.

சட்டமும் இருக்கிறது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், ‘போப்பியா’ என்று எல்லோரும் சொல்வது, 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. கோயில் விழாவில் கையெழுத்து வாங்கிய பட்டியலில் இருந்த மின்னஞ்சல்களை எடுத்து மடலில் சேர்க்காதீர்கள். ஒவ்வொருவரும் தானே விரும்பிச் சேர வேண்டும், ஒரே சொடுக்கில் விலகவும் முடிய வேண்டும். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. தானாக வந்தவரோடுதான் உறவு வரும்.

இனி பதில் எழுதுவது. வரும் ஒவ்வொரு கடிதத்துக்கும் நீங்களே பதில் எழுதுங்கள். சில நூறு பேர் கொண்ட மடலுக்கு இது முடியும், இப்போதுதான் முடியும். அனுப்புநர் முகவரி பதில் போடக்கூடியதாக இருக்க வேண்டும், ‘நோ ரிப்ளை’ என்று தொடங்கும் முகவரியிலிருந்து போகும் மடல் உறவைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. நன்றி, மகிழ்ச்சி என்று இரண்டு சொல்லில் முடிக்காதீர்கள். அவர் சொன்னதில் ஒன்றைத் தொட்டு எழுதுங்கள். மவுண்ட் எட்ஜ்கூம்ப் கரும்புத் தோட்டத்து வரிசை வீடுகளில் தன் பாட்டி இருந்ததாக ஒருவர் எழுதினால், அங்குள்ள கோயிலுக்குப் பாட்டி போனதுண்டா என்று கேளுங்கள். அடுத்த கடிதம் முதல் கடிதத்தைவிட நீளமாக வரும். எந்த மொழியில் எழுதினாரோ அந்த மொழியிலேயே பதில் போடுங்கள், முதல் வரியையும் கடைசி வரியையும் எளிய தமிழில் வைக்கலாம். அவர் தமிழில் எழுதியிருந்தால் பிழையைத் திருத்தாதீர்கள். தானே கேட்டால் மட்டும் சொல்லுங்கள். வயதில் பெரியவர் என்று தெரிந்தால் ‘ஆன்டி’, ‘அங்கிள்’ என்பதோ ‘அக்கா’, ‘அண்ணா’ என்பதோ, அவர் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறாரோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் பெயரை மட்டும் சொல்லிப் பெரியவர்களைக் கூப்பிட்டால் உறவு அங்கேயே நின்றுவிடும்.

குறை சொல்லி வரும் கடிதத்துக்கு முதலில் பதில் போடுங்கள். கோயில் நிர்வாகம், பண்டிகைத் தேதி, எந்தச் சடங்கு சரி என்ற விஷயங்களில் நம் மக்களுக்குக் கோபம் சீக்கிரம் வரும். கோபப்பட்டு எழுதியவர் உங்கள் மடலை வரிக்கு வரி படித்திருக்கிறார். அவர் சொன்னதில் விவரம் இருந்தால் அடுத்த மடலில் அவர் பெயரோடு போடுங்கள். எனக்கு மிக நெருக்கமான வாசகர்களில் சிலர் அப்படிக் கோபத்தோடு உள்ளே வந்தவர்கள்தான். ஆட்களை இழிவாகப் பேசும் கடிதம் வேறு விஷயம், அதற்கு இடம் கொடுக்க வேண்டியதில்லை.

எழுத்துப் பிரச்சினைக்கு வருவோம். தமிழ் படிக்கத் திணறும் வாசகருக்கு எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் தந்துவிடலாம் என்று தோன்றும். நான் அதற்கு எதிர்க்கட்சி. அவர் உங்களிடம் வந்ததே தமிழுக்காக. ஒவ்வொரு மடலிலும் நாலைந்து வரிகள் கொண்ட ஒரு சின்னத் தமிழ்ப் பகுதியைப் பெரிய எழுத்தில் வையுங்கள், நீங்களே அதைப் படித்து ஒலிப்பதிவாகவும் இணையுங்கள். கண்ணால் பார்த்துக்கொண்டே காதால் கேட்கலாம். சிறு வயதில் ‘வெர்னாகுலர் ஸ்கூல்’ என்ற தாய்மொழிப் பள்ளிக்குப் போய் எழுத்து மட்டும் கற்றுக்கொண்ட பெரியவர்களுக்கு இது பெரிய வரம். அவர்கள் பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படிப்பார்கள். வாசகர்களையே படித்து அனுப்பச் சொல்வது இன்னும் நல்லது. மெரிபேங்கில் இருக்கும் ஒரு பெரியம்மாவின் குரலில் திருப்புகழின் நான்கு அடிகள் வந்தால், அவருடைய சொந்தபந்தம் முழுக்க அந்த மடலை ஒருவருக்கொருவர் அனுப்பிவிடும்.

ஒலிக் கோப்பைச் சிறிதாக வையுங்கள். இந்த நாட்டில் டேட்டா விலை எவ்வளவு உறுத்தும் என்பதற்கு 2016-இல் எழுந்த ‘டேட்டா மஸ்ட் ஃபால்’ இயக்கமே அடையாளம். நிமிடக் கணக்கில் நீளும் காணொளியை ஓய்வூதியத்தில் வாழ்பவர் திறக்க மாட்டார்.

தமிழில் அனுப்புகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு நுட்பமும் இருக்கிறது. ஜிமெயில் ஏறத்தாழ 102 கிலோபைட்டுக்கு மேல் போகும் மடலைப் பாதியில் வெட்டிவிட்டு, மீதியைப் பார்க்க ஓர் இணைப்பைக் காட்டும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும், தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுத்துக்கொள்ளும். ‘கோ’ என்பதில் மெய்யும் உயிர்க்குறியும் சேர்ந்து ஆறு பைட். வடிவமைப்புக் குறியீடுகளும் சேர்ந்தால், ஆங்கில மடல் முழுசாகப் போகும் நீளத்தில் தமிழ் மடல் வெட்டுப்பட்டுவிடும். நீங்கள் கேள்வியைக் கடைசியில் வைத்திருந்தால் ஜிமெயிலில் படிக்கும் பலர் அதைப் பார்த்தே இருக்க மாட்டார்கள். உங்களுக்குப் பதில் வராததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், உங்கள் ஜிமெயிலுக்கே ஒரு பிரதி அனுப்பிச் சரிபாருங்கள். கேள்வியை மேலே கொண்டு வாருங்கள். மடலையும் சுருக்குங்கள்.

வாட்ஸ்அப்பை நிறையப் பேர் மின்னஞ்சலுக்குப் போட்டி என்று பார்க்கிறார்கள். இங்கே குடும்பம், கோயில், தெரு எல்லாமே வாட்ஸ்அப்பில்தான் நடக்கிறது, வாசகர் பேசுவதும் அங்கேதான். மடல் மின்னஞ்சலில் போகட்டும், பதில் வாட்ஸ்அப்பில் வரட்டும். அதற்கென்று தனி எண் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய குழு ஒன்றைத் தொடங்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். காலை வணக்கப் படங்களும் வதந்திகளும் வந்து நிரம்பிவிடும், எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பிராட்காஸ்ட் பட்டியல் போதும், ஒரே செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும். அதில் 256 பேர் வரை சேர்க்கலாம், உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்தவருக்கு மட்டும்தான் செய்தி போய்ச் சேரும். அந்தக் கட்டுப்பாடு நல்லதற்கே. எண்ணைச் சேமிப்பது ஒரு விருப்பத்தின் அடையாளம்.

எத்தனை நாளைக்கு ஒரு முறை என்பதில் உங்கள் சக்திக்கு மேல் வாக்குக் கொடுக்காதீர்கள். ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழிலேயே தமிழ், இந்திப் பகுதிகள் 1906-இல் நின்றுபோயின. அந்த மொழிகளில் எழுதவும் அச்சுக்கோக்கவும் தகுந்த ஆட்கள் கிடைக்கவில்லை. தமிழில் படிக்க ஆள் இல்லாமல் இல்லை. 1908-இல் பி.எஸ். ஐயர் டர்பனில் ‘ஆப்பிரிக்கன் கிரானிக்கிள்’ இதழை ஆங்கிலமும் தமிழுமாகக் கொண்டுவந்தார். தனி ஆளாக மடல் நடத்துகிறவருக்கு இதில் இருக்கும் ஆபத்து புரியும். வேலை, குழந்தைகள், மின்வெட்டு எல்லாவற்றுக்கும் நடுவில் மாதம் இரண்டு முடியவில்லை என்றால் ஒன்றாக்குங்கள், ஆனால் அதைச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். நாள்காட்டியை நம் மக்களின் நாள்காட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். தைப்பூசம், ஈஸ்டர் விடுமுறையில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழா, ஆடி, புரட்டாசி, தீபாவளி. அந்த நாட்களுக்கு ஒரு வாரம் முன்னால் போகும் மடலுக்குத்தான் பதில் அதிகம் வரும். ஊரிலிருந்து அக்கா வந்திருப்பார், பழைய படங்கள் வெளியே வந்திருக்கும், பேச நேரம் இருக்கும்.

பணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சீக்கிரம் வந்து நிற்கும். உறவு பலப்படும் முன் விளம்பரம் வாங்காதீர்கள். செலவு இவ்வளவு ஆகிறது என்று கணக்கைக் காட்டி, முடிந்தவர்கள் தரலாம் என்று கேட்டால் தருவார்கள். தராதவருக்கும் அதே மடல் போகட்டும். ஓய்வூதியக்காரர்களையும் மாணவர்களையும் பூட்டின கதவுக்கு வெளியே நிறுத்தினால், கதை சொல்லக்கூடியவர்களையே இழப்பீர்கள்.

எவ்வளவு செய்தாலும் பெரும்பாலானவர்கள் எழுதாமலேயே படிப்பார்கள். அவர்களை விரட்டாதீர்கள். மூன்று மாதம் திறக்கவில்லை என்பதற்காகத் தானாக நீக்கும் வசதி பல சேவைகளில் இருக்கிறது, அதை நான் பயன்படுத்துவதில்லை. படங்களை நிறுத்தி வைத்துப் படிப்பவரும், மகள் அச்செடுத்துக் கொடுத்துப் படிப்பவரும் அந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். வருடத்துக்கு ஒரு முறை, இன்னும் வேண்டுமா என்று கேட்டு ஒரு சின்ன மடல் அனுப்புங்கள், போதும். பல வருடம் வாய் திறக்காதவர்கள் அந்த மடலுக்குத்தான் முதல் பதில் எழுதுகிறார்கள்.

உடனே செய்யக்கூடியது இது. அடுத்த மடலில் செய்திகளைப் பாதியாகக் குறையுங்கள். வணக்கத்துக்கு அடுத்த வரியில் ஒரே ஒரு கேள்வி: உங்கள் குடும்பத்தில் முதலில் கப்பலேறி வந்தவர் பெயர் தெரியுமா, காலனி எண் இருக்கிறதா? தமிழ், ஆங்கிலம், குரல் எதுவானாலும் சரி என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அதே வாரத்தில் பட்டியலிலிருந்து ஐந்து பெயர்களை எடுத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, நகல் ஒட்டாமல், ஏன் இந்த மடலில் சேர்ந்தீர்கள் என்று கேட்டு எழுதுங்கள். இரண்டு பேர் பதில் எழுதினால் போதும், அவர்கள் சொல்வதை வைத்து அதற்கடுத்த மடலைத் தொடங்குங்கள். ஊர்ப் பெயர் ஏதாவது புரியாமல் வந்தால் எனக்கும் அனுப்புங்கள், வட ஆற்காட்டுப் பக்கத்து வாசகர்கள் என்னிடம் இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டுச் சொல்கிறேன்.